கொடியில் தொங்கிய படிப்பு

நாத்தனாருக்காக மாமியாரிடம் மல்லுக்கு நின்ற மருமகள் யாராவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், பக்கத்தில் உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுக்கிறேன். எங்கள் சொந்தத்தில் நான் ஒருத்திதான். "பத்மப்ரியாவுக்கு வாய் ஜாஸ்தி, மதுரைக்காரி இல்லையா" என்று அதற்கொரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். பூர்ணாவின் கதையை வாய் ஜாஸ்தியான ஒருத்திதான் சொல்ல வேண்டும். அவளாகச் சொல்ல மாட்டாள்.

பூர்ணா என் கணவர் கணேஷ்குமாரின் தங்கை. முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. என் மாமனார் சுப்பிரமணியம் ஹைதராபாத்தில், குஷாய்குடாவில் இருக்கும் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்திலேயே கும்பகோணத்திலிருந்து வந்து, ஃபாக்டரிக்குப் பக்கத்திலேயே வீடும் கட்டிக்கொண்டார். பூர்ணா பிறந்தது இங்கேதான். அவள் பேசும் தமிழில் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து வரும். ரொம்பவும் முடியாமல் போகும்போது எந்த பாஷையும் வராது, 'நக்கோ' என்ற ஒரு சொல்தான் வரும். வேண்டாம் என்று அர்த்தம். தெருவில் விளையாடும்போது கற்றுக்கொண்ட சொல்லாம்.

கல்யாணமாகி நான் வந்த புதிதில் எனக்கும் அவள் புரியவில்லை. குக்கர் விசில் அடித்தால் அறைக்குள் ஓடுவாள். "அப்புறமா வா, பேசலாம்" என்றால், அப்புறம் என்றால் எப்போது என்று கேட்பாள். விருந்தாளிகள் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்று சொந்தமெல்லாம் சொன்னது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அவளைத் தார்நாகாவில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். பல தடவை வரச்சொல்லி, நிதானமாகப் பேசிப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஆட்டிசம் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பூர்ணா, "அப்ப நான் கெட்டவ இல்ல அண்ணி" என்றாள்.

வீட்டில் சொன்னோம். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே! இந்த வயசுல எங்கேர்ந்து வரும்?" என்றார். மாமியார் சகுந்தலா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கதவைச் சாத்திவிட்டு வந்து, "வெளியில மூச்சு விடாதே. நாளைக்கு ஒரு வரன் வந்தா என்ன சொல்றது?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிழிந்தது போங்கள்.

பூர்ணாவுக்கு வேலை சனத்நகரில். பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், செய்து முடித்த பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. வேலை அவளுக்குப் பிடிக்கும், இடம்தான் கொல்லும். ஒரு பக்கம் கடைசல் இயந்திரங்கள் ஓடும், மறுபக்கம் சம்மட்டி அடிப்பார்கள். நடுவில் இவள் காதில் அந்த இரைச்சல் தடுக்கும் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள்.

அந்தப் பட்டறையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. நுணுக்கமான அளவுகளை அங்கேதான் எடுப்பார்கள். எப்போதும் ஒரே குளிர்ச்சி, கனமான கதவு. மூடிவிட்டால் வெளியில் இடி விழுந்தாலும் கேட்காதாம். அங்கே இருந்தவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று தெரிந்ததும் பூர்ணா முதலாளி கிருஷ்ணாவிடம் போய் நேராகக் கேட்டாள். அளவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது சரக்கு வாங்குகிற கம்பெனிகளின் நிபந்தனை. "டிகிரி தெச்சுக்கோ அம்மா, ரூம் நீதே" என்று சொல்லிவிட்டார். டிகிரி கொண்டுவந்தால் அறை உனக்குத்தான் என்று. அன்றைக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவள் கைகள் இரண்டும் பறந்துகொண்டிருந்தன. அவளுக்கு சந்தோஷம் கையில்தான் வரும்.

டிகிரி பாதியில் நின்றிருந்தது. தபால் வழியில் பி.எஸ்ஸி. சேர்ந்து, பரீட்சை ஹாலில் மின்விசிறிச் சத்தத்தில் எழுந்து வந்து, மறுபடி எழுதி, எப்படியோ எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். பாக்கி ஒரே ஒரு பேப்பர், புள்ளியியல். அவளுடைய பதிவுக் காலமும் அந்தத் தேர்வோடு முடிகிறது. தவறினால் முதலிலிருந்து சேர வேண்டும். பரீட்சை தேதி, போன வருஷம் விஜயதசமிக்கு மறுநாள். பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது, ஹைதராபாத்தின் தசரா லீவைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு ஓடவில்லை. "எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல கத்துது அண்ணி" என்றாள். நான் என்ன சொல்லமுடியும்? மனசை ஒருமுகப்படுத்து, கவனமாகப் படி என்று மாமா சொல்வதையே நானும் சொல்வதா? பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மழை நாளில் துணி காயப்போட அவள் அறையில் ஜன்னலிலிருந்து அலமாரிவரை ஒரு நைலான் கொடி கட்டியிருக்கும். ஒரு தாளில் ஒரே ஒரு விஷயத்தை எழுதி, கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். அடுத்ததை அதற்குப் பக்கத்தில். சிவப்பு கிளிப் என்றால் இன்னும் தொடாதது. நீலம், முடிந்தது. மஞ்சள் ஒன்றே ஒன்றுதான், இன்றைக்குப் படிப்பது. மஞ்சள் தாள் மட்டும் அவளைப் பார்த்து இருக்கும், மற்றதெல்லாம் முதுகைக் காட்டித் தொங்கும். அதைப் படிக்கும்போது கனமான ரஜாயை, அந்தப் பஞ்சுப் போர்வையை, தோள்மேல் போர்த்திக்கொள்வாள், மே மாத வெயிலிலும். தலை நிறைவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவாள். நிறைந்த பிறகு எழுந்தால் அன்றைய நாள் போச்சு என்பது அவளுக்குத் தெரியும்.

தாள்களுக்கு நம்பர் கிடையாது. "போடேன்" என்றேன். "இடம்தான் நம்பர்" என்றாள். ஜன்னல் பக்கம் சராசரி, அலமாரி பக்கம் நிகழ்தகவு. கண்ணை மூடினால் கொடி தெரியுமாம், கையை நீட்டித் தாளை எடுக்கலாமாம்.

இதை வீட்டில் விளங்கவைக்க நான் பட்ட பாடு! அவள் படிக்கும்போது கதவுக் கைப்பிடியில் ஒரு வெள்ளைக் கர்சீப் கட்டிவைத்தேன். கர்சீப் இருந்தால் தட்டக்கூடாது. அத்தை தட்ட மாட்டார். திறந்தே விடுவார்! "ஒரு வாய் காபிடி. படிக்கற பொண்ணு வெறும் வயத்தோட இருக்கலாமா?" காபியை வைத்துவிட்டு, பெருக்கவா என்பார், ஜன்னலைத் திறக்கவா என்பார். பூர்ணா பாதியில் எழுந்து ரஜாய்க்குள் படுத்தால் மாமா எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள தூக்கமா? உருப்பட்ட மாதிரிதான்" என்பார். கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தனிக்குடித்தனம் போயிருக்கலாம்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கொடி மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பார்த்தேன், அலமாரி பக்கம் கொஞ்சம் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். "தேறிடுவேன் அண்ணி" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தேறுவேன் என்றால் தேறுவாள்.

பூஜையன்று பட்டறையில் ஆயுத பூஜை, எல்லோரும் வந்தே ஆகவேண்டும் என்று முதலாளி சொன்னதால் காலையிலேயே சனத்நகர் போய்விட்டாள். நானும் கணேஷும் பூவும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட் போனோம். திரும்பி வந்தால் அத்தை பூஜையறையை ஜோடித்து முடித்திருந்தார். மணைப்பலகையில் மாமாவின் பழைய ஃபாக்டரி கைடுகள், கணேஷின் லேப்டாப், என் லேப்டாப், ஸ்கூட்டர் சாவி, எல்லாவற்றுக்கும் மேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தனியாக ஒரு தாள் கட்டு.

"அத்தை, இது பூர்ணா ரூம்ல இருந்ததா?"

"ஆமாம்மா. பரீட்சை எழுதப்போற பொண்ணு, அவளோடது இல்லாம பூஜையா? ரூம் பூரா தோரணம் மாதிரி தொங்கவிட்டு வச்சிருந்தா. அதையெல்லாம் எடுத்து அழகா அடுக்கிட்டேன்." குரலில் எத்தனை பெருமை! "மத்தவங்க புஸ்தகத்துக்கெல்லாம் மேல மட்டும்தான் பொட்டு. இதுக்கு மட்டும் ஒவ்வொரு தாளா எடுத்து, சந்தனம் குங்குமம் வச்சிருக்கேன்."

பூர்ணாவின் அறைக்கு ஓடினேன். கொடியில் ஈரத் துண்டுகள் தொங்கின. நீல கிளிப், சிவப்பு கிளிப், மஞ்சள் கிளிப், எல்லாம் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மத்தியானம் பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கணேஷுக்கு ஃபோன் வந்தது. ஆபீஸில் ஏதோ நின்றுவிட்டதாம். "அம்மா, லேப்டாப் எடுக்கணுமே" என்றார். அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேலைன்னு வந்தா என்ன பண்றது? சாமிக்குத் தெரியாதா? கும்பிட்டுட்டு எடுத்துக்கோ." சரஸ்வதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து லேப்டாப்பை உருவிக் கொடுத்தார். பொட்டோடு அது மாடிக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் பூர்ணா வந்தாள். பட்டறையில் மேளம், மைக், பூசணிக்காய் உடைப்பு, வெடி. முகமே வெளுத்திருந்தது. "அண்ணி, கொஞ்ச நேரம் ரஜாய். அப்புறம் மஞ்சள்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கதவருகே நின்று கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். நேராகப் பூஜையறைக்கு வந்தாள்.

"எடுக்கலாமாம்மா?" என்றாள்.

"இன்னிக்குப் படிக்கக் கூடாதுடி. நாளைக்குக் காலையில மறுபூஜை ஆனதும் எடுத்துப் படி, அப்படியே மனசுல நிக்கும்."

"லேப்டாப் எங்க?"

"அண்ணன் எடுத்துட்டுப் போனான். ஆபீஸ் வேலைடி."

"அப்ப எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் தாள்கட்டில் கை வைத்தாள்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். லேப்டாப்பை எடுக்கலாம் என்றால் தாளையும் எடுக்கலாம், அவளுக்குக் கணக்கு அவ்வளவுதான். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா என்னடி இது!" சொல்லாமல் தொட்டால் அவளுக்குச் சுட்டுக்கொண்ட மாதிரி இருக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் உதறினாள். படம் சாய்ந்தது, விளக்கு கவிழ்ந்து எண்ணெய் கொட்டியது. மாமா ஹாலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு நாகம்மா, "அய்யோ, ஏமைந்தி, ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டபடியே பூர்ணாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பூர்ணா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நக்கோ. நக்கோ. நக்கோ." தலை முன்னும் பின்னும் ஆடியது.

"முப்பத்தஞ்சு வயசுல என்ன நாடகம் இது?" என்றார் மாமா.

எனக்கு எங்கிருந்து அந்தக் கத்தல் வந்ததோ தெரியாது. "எல்லாரும் வெளியே போங்க! உங்க மகன் எடுத்தா வேலை, மக எடுத்தா பாவமா? நல்லா இருக்கு உங்க நியாயம்! மாமா, நீங்களும்தான், போங்க!" நாகம்மாவின் கையில் வெற்றிலை பாக்கைத் திணித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். ஹாலில் டி.வி.யை அணைத்தேன். ரஜாயைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். கணேஷ் மாடிப்படியில் பாதியில் நின்று பார்த்துவிட்டு, காதில் ஃபோனோடு மறுபடி மேலே போய்விட்டார். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், எனக்கென்ன பயம்?

அவளுக்கு மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் இரண்டு பேருமாக அறைக்குப் போனோம். துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு நான் கிளிப்களைப் பொறுக்கினேன். "வா, மறுபடியும் மாட்டிடலாம். நீ சொல்லு, நான் மாட்டறேன்." அவள் முதல் தாளைப் பிரித்தாள். எண்ணெய் பட்டுச் சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுகூடப் பரவாயில்லை. அத்தை பொட்டு வைத்தது ஒவ்வொரு தாளிலும் மேலே, நட்டநடுவில். கிளிப் போடுகிற இடத்தில்.

ஒரு தாளைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், வேகவேகமாகப் புரட்டினாள்.

"எல்லாம் சிவப்பாயிடுச்சு அண்ணி" என்றாள்.

நான் பேத்தலாக ஏதோ சொன்னேன். குங்குமம்தானே, தட்டிவிடலாம் என்றேன். தட்டினால் இன்னும் இழுத்துக்கொண்டு போனது. நீலம் எது, தொடாதது எது என்று அவளுக்கும் தெரியவில்லை. சாயந்தரம் கணேஷ் கீழே வந்து, "ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார். உங்கள் மூளையை நீங்கள் ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். போய்விட்டார்.

மறுநாள் விஜயதசமி, முழுக்க ரஜாய்க்குள்ளேயே கிடந்தாள். அத்தை மறுபூஜை முடித்துவிட்டு அறை வாசலில் நின்று, "இப்ப எடுத்துப் படிக்கலாம்டி, ரொம்ப விசேஷம்" என்றார். மனசார அதை நம்பித்தான் சொன்னார்.

பரீட்சைக்கு நான்தான் அழைத்துப் போனேன். நேரம் முடியுமுன்பே வெளியே வந்துவிட்டாள். "ஞாபகம் வரலையா?" என்றேன்.

"வந்துச்சு. எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு."

தேறவில்லை. பதிவும் முடிந்தது. அந்தக் கண்ணாடி அறைக்கு அபிநவ் என்று ஒரு பையனை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல பையன்தானாம், கதவை மெதுவாகத்தான் சாத்துவானாம். மறுபடி முதலிலிருந்து சேரலாம், பணம் நான் கட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். நக்கோ என்றாள். கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டாள்.

கும்பகோணத்துக்கு ஃபோன் பேசும்போதெல்லாம் அத்தை சொல்வது என் காதில் விழும். "என்னத்தைச் சொல்றது போ. சரஸ்வதி பூஜையில வச்சதை அன்னிக்கே எடுத்தா. அப்புறம் எப்படித் தேறும்?" ஊரே இதை நம்புகிறது. அதே பூஜையில் லேப்டாப்பை உருவியவருக்கு அந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே பிரமோஷன் வந்ததே, அது எந்தக் கணக்கில் சேரும்? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அவன் கும்பிட்டுட்டு எடுத்தாம்மா" என்றார் அத்தை. எனக்குச் சாமிமேல் கோபமில்லை. சரஸ்வதி நேரில் வந்தால் அவளும் என் பக்கம்தான் பேசுவாள்.

இந்த வருஷமும் பூஜை வந்தது. அத்தை மணைப்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, வழக்கம்போல் ஒவ்வொருவரிடமும் வாங்கினார். மாமாவின் கைடுகள் வந்தன, கணேஷின் புது லேப்டாப் வந்தது. "உன் புஸ்தகம் எங்கடி பூர்ணா?"

"என்கிட்ட புஸ்தகம் இல்லம்மா."

"ஒண்ணாச்சும் வைடி. அப்பத்தானே படிப்பு வரும்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பூர்ணா உள்ளே போய், பட்டறையில் போட்டுக்கொள்கிற அந்தக் காது மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதை வச்சுக்கோ. நாளைக்கு லீவு. மறுநாள் காலையில வேணும்."

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான் நல்ல பொண்ணு" என்று அதை வாங்கி, ஈரத் துணியால் துடைத்து, சந்தனக் கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"சிவப்பு மட்டும் வேண்டாம்மா" என்றாள் பூர்ணா.

அத்தை அதற்குள் வைத்துவிட்டார்.